அச்சேறாத பத்திகள்

2001இல் அமெரிக்காவின் 'ஹார்ப்பர்ஸ்' மாத இதழுக்காக இருவர் காஸா போனார்கள். எழுதுவதற்கு கிறிஸ் ஹெட்ஜஸ், படம் போடுவதற்கு ஜோ சாக்கோ. 1956 நவம்பரில், சூயஸ் போரின்போது, இஸ்ரேலியப் படையினர் ஊர் ஆண்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதாக அங்குள்ள கான் யூனிஸ் நகரத்து முதியவர்கள் அவர்களிடம் சொன்னார்கள். ஹெட்ஜஸ் அதையும் எழுதிக் கொடுத்தார். இதழ் வெளிவந்தபோது அந்தப் பத்திகள் மட்டும் இல்லை.

பத்திரிகைச் சார்பு என்றதும் நமக்குப் பொய்ச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. ஆசிரியர் மேசையில் விழும் வெட்டு வாசகர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இடம் போதவில்லை என்று ஒரு காரணம் எப்போதும் கையில் இருக்கும்.

இத்தனைக்கும் வெட்டுப்பட்ட அந்தச் சம்பவம் வெறும் வாய்வழிக் கதை அல்ல. கான் யூனிஸில் 275 பேர், காஸாவின் இன்னொரு ஊரான ராஃபாவில் 111 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. அறிக்கையிலேயே கணக்கு உண்டு. எதிர்ப்பு இருந்ததால் சுட்டோம் என்றது இஸ்ரேல். எதிர்ப்பு அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது என்றார்கள் அங்கிருந்த பாலஸ்தீன அகதிகள். சாக்கோ திரும்பப் போய், முதியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு, 2009இல் 'ஃபுட்நோட்ஸ் இன் காஸா' என்ற காமிக்ஸ் நூலாக்கினார். 400 பக்கத்தைத் தாண்டும்.

தாம் எந்தப் பக்கம் என்பதை சாக்கோ மறைத்ததில்லை. இஸ்ரேலின் தரப்பு அமெரிக்க ஊடகத்தில் தாராளமாகவே வந்துவிட்டது என்பது அவர் வாதம். தம்மையும் கட்டத்துக்குள் வரைந்துகொள்கிறார்: தடித்த உதடு, கண்ணே தெரியாத வட்டக் கண்ணாடி. கேள்வி கேட்கிறவன் யார் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. செய்தி நிறுவனப் புகைப்படத்தில் அது தெரியாது.

ஆனால் ஓவியத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு. நூலின் ராஃபா காட்சியில் பள்ளி வாசலைக் கடக்கும் ஒவ்வொருவர் தலையிலும் படையினரின் தடி இறங்குகிறது. குனிந்து ஓடும் உடல்கள் பக்கத்தை அடைத்துக் கிடக்கின்றன. 50 ஆண்டுப் பழைய நினைவு, மையில் இறங்கியதும் கண்ணால் கண்ட சாட்சியாகிவிடுகிறது. சாக்கோவுக்கு இது தெரியும். என் சகோதரர்கள் சாகும்போது உடனிருந்தேன் என்கிறார் ஒருவர். அவர் அங்கே இல்லவே இல்லை என்கிறார்கள் குடும்பத்தார். இரண்டையும் வரைகிறார் சாக்கோ. இஸ்ரேலிய ஆவணங்கள் நூலின் கடைசியில், பின்னிணைப்பில் வருகின்றன. படம் முடிந்ததும் மூடிவைக்காமல் எத்தனை வாசகர்கள் அதுவரை போவார்கள்? நானாக இருந்தால் அவற்றிலும் சிலவற்றைக் கட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்திருப்பேன்.