சிவப்பு விளக்கு எரியுது, சத்தம் போடாதீங்க!

வானொலியில் டொக்டர் பேசும்போது நமக்குக் கேட்பது அவருடைய குரல் மட்டும்தான். அந்தக் குரல் பசறை லயத்து வாசல் வரைக்கும் வந்து சேர்வதற்குள் திரைக்குப் பின்னால் நடக்கும் கூத்து இருக்கிறதே, அது தனி நிகழ்ச்சி! வாங்க, எட்டிப் பார்ப்போம். போனை அணைத்துவிடுங்கள். இருமல் வந்தால் இப்போதே இருமிக்கொள்ளுங்கள்.

முதல் வில்லன் மலைதான். பண்பலை அலை நேர்கோட்டில் போகிற ஆசாமி. எதிரே 2,036 மீட்டர் உயரத்தில் நமுனுகுல நின்றால் அவரால் வளைந்து நெளிந்து வர முடியாது. தோட்டத்தின் மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில், கணீரென்று கேட்கிற நிகழ்ச்சி, கீழ்க்கணக்கில் வெறும் இரைச்சலாகிவிடும். அதனால்தான் மலைநாட்டு வானொலிக்காரர்கள் நல்ல அறிவிப்பாளரைத் தேடுவதற்கு முன்பே நல்ல உச்சியைத் தேடுகிறார்கள்.

இந்தச் சமூக வானொலிக் கூத்துக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1981இல் யுனெஸ்கோவும் டென்மார்க்கும் கைகொடுக்க, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் மகாவலி சமூக வானொலியைத் தொடங்கியது. அதன் ஆட்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு குடியேற்றக் கிராமங்களுக்கே போனார்கள், அங்கேயே தங்கினார்கள், சனங்களின் வாயிலிருந்தே நிகழ்ச்சியை எடுத்தார்கள். நம் பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டேயிலும் அந்த வழியில் ஒரு நிலையம் முளைத்தது. 1989இல் கொத்மலை. பிறகு, ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு நம்ம ஊவா சமூக வானொலி.

இதில் கொத்மலைக்காரர்கள் அடித்த லூட்டியைச் சொல்லாமல் விட முடியாது. 1999. ஊரில் கம்ப்யூட்டரைப் படத்தில் பார்த்தவர்களே அதிகம். அந்த நேரத்தில் யுனெஸ்கோ ஆதரவோடு கலையகத்துக்குள் இணையத்தைக் கொண்டுவந்து, ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் தேட ஆரம்பித்துவிட்டார்கள்! நேயர் கடிதத்திலோ தொலைபேசியிலோ கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் இணையத்தைத் துழாவுவார். கிடைப்பதெல்லாம் ஆங்கிலம். பக்கத்தில் அந்த விஷயம் தெரிந்த ஒருவர் இருப்பார். கேள்வி நோயைப் பற்றியது என்றால் டொக்டர், உரிமையைப் பற்றியது என்றால் சட்டத்தரணி. வந்ததைச் சலித்து, ஊர்ப் பேச்சில் விளக்குவார்கள். கூகுள் என்ற பெயரே பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், விசைப்பலகையைத் தொட்டே பார்க்காத ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தைக் கேள்வி கேட்டார் என்றால் சும்மாவா! கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இலவச இணைப்பு வைத்தார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பார்க்க வந்தார்கள்.

சரி, சுகாதார நிகழ்ச்சிக்கு வருவோம். அங்கே நிஜமான பதற்றம், ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்புதான். டொக்டர் 'நீரிழிவு' என்பார். தோட்டத்தில் அதற்குப் பெயர் 'சீனி'. அவர் 'உயர் இரத்த அழுத்தம்' என்று நீட்டினால் நாம் 'பிரஷர்' என்று முடித்துவிடுவோம். 'ஹீமோகுளோபின்' என்று தொடங்கினாரோ, "ரத்தம் கொறவுன்னு சொல்லுங்க டொக்டர்" என்று அறிவிப்பாளர் காதோரம் கெஞ்ச வேண்டும். நல்ல அறிவிப்பாளருக்கு அடையாளம் இனிமையான குரல் இல்லை. எல்லாம் புரிந்திருந்தும், நேயருக்காகப் புரியாதவர் மாதிரி இன்னொரு தடவை கேட்கிற துணிச்சல்தான்.

அப்புறம் வரும் பாருங்கள், பெரிய வம்பு. ரத்தம் கொறவா? அப்படியென்றால் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள் என்று சொல்லியாக வேண்டும்! சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தேயிலையில் உள்ள சில பொருள்கள் தடுக்கின்றன. ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடிப்பது நல்லது. விஞ்ஞானம் சரிதான். ஆனால் ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி என்று மூன்றையும் ஒன்றாகவே பார்த்து வளர்ந்த ஊரில், கொழுந்து பறித்துவிட்டு வந்து உட்கார்ந்த அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியுமா? "தேயிலைய நாங்க பறிக்கணும், குடிக்கக் கூடாதா தம்பி?" என்று ஒரு குரல் கேட்டால் கலையகமே சிரித்துவிடும். அப்படிச் சிரித்த பிறகு சொல்கிற ஆலோசனை மறக்காது. கிளினிக் சுவரில் ஒட்டிய சுவரொட்டியால் முடியாத வேலை அது.

அடுத்தது தொலைபேசி எண்கள். இதைப் பாருங்கள்: 1990, 1926, 1938, 1929. வீட்டில் உள்ள பேத்தி, பாட்டிமாரின் பிறந்த வருஷங்கள் மாதிரி இல்லையா? 1990 சுவ செரிய இலவச அம்புலன்ஸ். இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு ஊவாவுக்கும் வந்தது. 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. இலக்கத்தை வாசித்துவிட்டால் மட்டும் போதாது. பல லயங்களுக்கு வீட்டு இலக்கமோ தெருப் பெயரோ கிடையாதே! அதனால் தோட்டம், கணக்கு, பக்கத்துக் கோயில், வண்டி வந்து நிற்கக்கூடிய இடம் ஆகியவற்றை வரிசையாகச் சொல்ல நேயரைப் பழக்கி வைப்பதும் நிகழ்ச்சியின் வேலைதான்.

சில கேள்விகள் மட்டும் ஒலிவாங்கிக்கு வரவே வராது. குடிகாரப் புருஷன், பிள்ளை பெற்ற பிறகும் தீராத அழுகை, தூக்கம் வராத இரவு. இவற்றைக் கேட்டால் ஊரே குரலை அடையாளம் கண்டுகொள்ளும் என்ற பயம். கடிதம் கைகொடுப்பது இங்கேதான். பெயரை எடுத்துவிட்டு, தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டு, கேள்வியை மட்டும் வாசிக்க வேண்டும். கொஸ்லந்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்து லயங்களை மூடிய பின், ஊவாவில் மழை பெய்தாலே நெஞ்சு படபடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படபடப்புக்கும் உதவி உண்டு என்பதைத் தாய்மொழியில், தெரிந்த குரலில் கேட்பதே பாதி தைரியம்.

இதெல்லாம் பார்த்த பிறகு ஒன்று நிச்சயம். சுகாதார நிகழ்ச்சியின் நட்சத்திரம் டொக்டரும் இல்லை, அறிவிப்பாளரும் இல்லை. கேள்வி கேட்கிறவர்தான். கேள்வி வராத நாளில் அது வெறும் பிரசங்கம். ஆகவே பசறைச் சனங்களே, மனதில் கிடக்கிற கேள்வியை ஒரு தாளில் எழுதி வானொலிக்கு அனுப்புங்கள், பெயர் போடத் தேவையில்லை. அதற்கு முன், 1990ஐயும் 1926ஐயும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்!