கறந்த பாலை அப்படியே குடிக்கலாமா? மாட்டுக்கு வரும் டி.பி. பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மஹிந்திரா சிட்டி ஊழியர்களின் அபார்ட்மென்ட்களும் இருக்கின்றன, மாட்டுக் கொட்டகைகளும் இருக்கின்றன. கறந்த பால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ‘கலப்படமே இல்ல, அப்படியே குடிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மனிதர்களைப் போல மாட்டுக்கும் காசநோய் வரும்.

மாட்டைப் பார்த்தால் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. நோய் தொற்றிய மாடு மாதக்கணக்கில் நன்றாகத் தீனி தின்னும், பாலும் கொடுக்கும். இளைப்பும் இருமலும் பிறகுதான். அதற்குள் நெருக்கமான கொட்டகையில் மூச்சுக்காற்று வழியே பக்கத்து மாட்டுக்கும் பரவியிருக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான கட்டுரை, இந்திய மாடுகளில் சுமார் 7.3% பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது. அதாவது, ஏறத்தாழ 2.18 கோடி மாடுகள்.

மனிதருக்கு எப்படி வருகிறது?

காய்ச்சாத பால் முக்கிய வழி. கழுத்தில் நெறிக்கட்டி, குடல், எலும்பு என்று நுரையீரலுக்கு வெளியேதான் இது அதிகம் தாக்கும். மாட்டு டி.பி. என்றாலே ‘போவிஸ்’ கிருமிதான் என்பது பழைய எண்ணம். வேலூர் சி.எம்.சி.யில் 940 நோயாளிகளின் மாதிரிகளைச் சோதித்து 2020-ல் வெளியான ஆய்வில் போவிஸ் ஒன்றுகூட இல்லை. ஏழு பேரிடம் இருந்தது ‘ஓரிஜிஸ்’ என்ற உறவுக்காரக் கிருமி. சென்னை மாட்டிலும் அது கண்டறியப்பட்டிருக்கிறது. வழக்கமான டி.பி. பரிசோதனைகள் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

மாடு வளர்ப்பவர் என்ன செய்வார்?

சிக்கலே இங்கேதான். மாட்டின் கழுத்துத் தோலில் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளப்பார்கள். நோய் உறுதியானால் பல நாடுகளில் மாட்டைக் கொன்றுவிட்டு இழப்பீடு தருகிறார்கள். இங்கே சட்டத்திலும் சரி, மனதிலும் சரி, அது சுலபமில்லை. ரெண்டு மாட்டுப் பாலில் குடும்பம் நடத்துபவர், ‘டெஸ்ட் எடுத்து என்ன பண்றது?’ என்று கேட்டால் நம்மிடம் நல்ல பதில் இல்லை.

தடுப்பூசி உண்டா?

குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி.யே மாட்டு டி.பி. கிருமியை வலுவிழக்கச் செய்து உருவாக்கியதுதான். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் அது சோதிக்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை. ஆனால், மாடுகளில் கதை வேறு. எத்தியோப்பியாவில் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், பி.சி.ஜி. போட்ட மாடுகளிடையே பரவல் ஏறக்குறைய 90% குறைந்தது. ஊசி போட்ட மாட்டையும் நோயுள்ள மாட்டையும் பிரித்துக் காட்டும் புதிய பரிசோதனையும் உருவாகியிருக்கிறது. மாட்டைக் கொல்லாமலே நோயைக் குறைக்க இது நமக்கேற்ற வழி. ஆனாலும், இன்னும் இங்கே வழக்கத்துக்கு வரவில்லை.

அதுவரை?

* பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள்; கிருமி செத்துவிடும்.
* புது மாடு வாங்கினால், சோதித்த பிறகே மற்ற மாடுகளோடு கட்டுங்கள்.
* வீட்டில் யாருக்காவது டி.பி. என்றால், சிகிச்சையில் தொற்று அடங்கும்வரை கொட்டகைப் பக்கம் போக வேண்டாம். மனிதரிடமிருந்தும் மாட்டுக்குத் தொற்றும்.
* கழுத்தில் கட்டி இருந்தால், மாடு வளர்ப்பதையும் பச்சைப் பால் குடித்ததையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.