உதிர்ந்த புட்டும் கூலியே

சங்கப் புலவரோடு இறையனாரும் வீற்றிருந்தார் என்பது மதுரையின் மரபு. அந்நகரின் பெயர் தாங்கி, 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தோன்றியது மதுரை மின்தொகுப்புத் திட்டம். சுவிட்சர்லாந்து வாழ் முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய இப்பணியில் பல நாட்டுத் தமிழரும் ஊதியமின்றி உழைக்கின்றனர். தேவாரத்தோடு சீறாப்புராணமும் பாரதியார் பாடல்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன.

திருவிளையாடற் புராணத்தில், வந்திக்காக மண் சுமந்த ஈசனைக் காண்பர் அடியார். கோயிலுக்குச் செல்லாத இளைஞரோ, வீட்டுக்கோர் ஆள் வந்து வைகைக் கரையை அடைத்த ஊர்முறையைக் காண்பர். நூல் ஒன்றே, வாயில் இரண்டு.

ஆகவே, பேரப்பிள்ளைகளிடம் வழிபாட்டை வற்புறுத்துமுன், ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்புக்கு அழைத்துச் சென்று கதையைச் சொல்லுங்கள். உதிர்ந்த புட்டையே கூலியாக ஏற்ற பெருமான், கதை கேட்க மட்டும் வருவோரையும் ஏற்பான்.