காலைத் தும்மலுக்குத் தேநீர் மருந்தாகுமா?

காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் தண்ணீர், கண்ணில் அரிப்பு. "இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் குடி" என்பார்கள் வீட்டில். மகரந்த ஒவ்வாமைக்குத் தேநீர் நல்லது என்ற செய்தியும் கைப்பேசியில் சுற்றுகிறது. இரண்டையும் நம்பிக் குடிக்கிறீர்களா?

மகரந்தப் பருவம் என்பது குளிர் நாடுகளின் சங்கதி. ஜப்பானில் வசந்தம் பிறக்கும்போது சுகி மரங்களின் மகரந்தம் ஊரையே தும்ம வைக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படியொரு பருவமே கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் தரை வீடானாலும், பெரும்பாலும் குற்றவாளி உங்கள் தலையணைக்குள் இருக்கிறது. அதன் பெயர் தூசி உண்ணி. நீளம் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். நம் உடலிலிருந்து உதிரும் தோல்தான் அதற்கு உணவு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!

அதன் எச்சத்திலுள்ள புரதத்தை நம் உடல் எதிரி என்று தவறாக எண்ணிவிடுகிறது. உடனே மூக்கிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. தும்மலும் அரிப்பும் அதன் வேலைதான்.

தேநீர் இதைத் தடுக்குமா? ஜப்பானில் 'பெனிஃபூகி' என்ற பச்சைத் தேயிலையில் மெத்தில் சேர்ந்த கேட்டசின் என்ற பொருள் இருக்கிறது. சுகி மகரந்த ஒவ்வாமைக்கு அதைக் கொடுத்துச் சோதித்ததில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் தேயிலையைக் கறுப்புத் தேயிலையாகப் பதப்படுத்தும்போது அந்தப் பொருள் அழிந்துவிடுகிறது. ஆகவே நம் தே தாரிக்கில் அதைத் தேட வேண்டாம்!

பிறகு ஏன் குடித்ததும் சுகமாக இருக்கிறது? 2008இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்தவர்களுக்குச் சூடான பழபானம் கொடுத்தார்கள். தும்மலும் மூக்கொழுகலும் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். மூக்கில் காற்று போகும் அளவைக் கருவியால் பார்த்தபோதோ, மாற்றமே இல்லை. சுகம் உண்மைதான், காரணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

செவ்வந்திப் பூத் தேநீரும் கெமோமைலும் குடிப்பவர்கள் சற்றுக் கவனியுங்கள். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். அந்தக் குடும்பத்து மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இவையே ஒவ்வாமையைக் கிளப்பலாம்.

என்னிடம் படித்த நான்காம் படிவ மாணவி ஒருவர், இரவில் இருமலும் இழுப்பும் வந்தபோது இரண்டு வாரம் துளசித் தேநீரையே குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கிளினிக்கில் சொன்னார்கள், ஆஸ்துமா என்று. ஒவ்வாமை மூக்கோடு நிற்காமல் நுரையீரலுக்கும் போகலாம். புகைமூட்டக் காலத்தில் அது இன்னும் மோசமாகும். இழுப்பு வந்தால் கெட்டிலைத் தேடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

வெறும் தும்மல்தான் என்றால், தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தையை நல்ல வெயிலில் போடுங்கள். அது காயும் வரை உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.