மகள் எடுத்த கொலுப் படங்கள்

என் மகள் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கிறாள். அவளை அங்கே சேர்த்தபோது எங்கள் வீட்டில் நடந்த ரகளையை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. "படம் வரைஞ்சா வயிறு நிறையுமா?" என்று என் கணவர் ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. "1850-ல் ஆரம்பிச்ச காலேஜ்ப்பா. மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கே, அதைச் செஞ்ச ராய் சௌத்ரி எங்க காலேஜ் பிரின்சிபாலா இருந்தவர்" என்று அவள் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அவர் பக்கம்தான்.

போன வருஷம் நவராத்திரிக்குப் பத்து நாள் முன்னாடியே மதுரைக்கு வந்துவிட்டாள். அவள் மாமா கொடுத்த பழைய கேமரா ஒன்று கையில். கொலுவை அழகாகப் படம் எடுத்துக் கொடுப்பாள், சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவளோ, "நீ பொம்மை வாங்கற வீடு எதும்மா?" என்று கேட்டு, திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரிக்குப் பஸ் ஏறிவிட்டாள். மறுநாளும் அப்படியே. "பரண்ல இருந்து பெட்டி இறக்க ஆளில்லாம நான் தவிக்கிறேன், நீ ஊர் சுத்தறியாடி?" என்று நன்றாகத் திட்டிவிட்டேன்.

அமாவாசை அன்று ராத்திரி, படிகளில் பொம்மைகளை அடுக்கிவிட்டு 'அக்கடா' என்று உட்கார்ந்தபோது, எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டினாள்.

மண் மிதிக்கும் இரண்டு கால்கள். அச்சிலிருந்து எடுத்து இன்னும் ஒட்டாமல், முன்பாதி வேறு, பின்பாதி வேறாகக் கிடக்கும் கிருஷ்ணன். வெள்ளை அடித்து, கண் எழுதாமல் வரிசையாக நிற்கும் லட்சுமிகள். நடுவில் இரண்டு நாள் மழை; தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வாசலில் நின்று வானத்தையே பார்க்கும் ஒரு பெண். "ஏண்டி, மழையில என்ன படம்?" என்றேன். "ஈரம் காயாம சூளையில வெச்சா வெடிச்சிடும்மா. அந்த ரெண்டு நாளும் அந்த அக்கா சரியா சாப்பிடவே இல்லை" என்றாள்.

நான் அந்த வீட்டில் பத்து வருஷமாகப் பொம்மை வாங்குகிறேன். திண்ணையோடு திரும்பி வந்திருக்கிறேனே தவிர, உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்ததில்லை. அதற்கு முந்தின வருஷம் 1,200 ரூபாய் சொன்ன தசாவதார செட்டை 850-க்கு முடித்துவிட்டு, தெருவெல்லாம் பெருமையடித்ததும் நான்தான்.

அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்து, பெரிய தாளில் கரிக்கோலால் வரைந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்க, அம்மனுக்குக் கண் எழுதும் அந்தப் பெண்ணின் கை. வளையலில் ஒட்டியிருந்த காய்ந்த மண்கூடத் தெரிந்தது. அதைக் கொலுவுக்குப் பக்கத்தில் மாட்டப்போவதாகச் சொன்னபோது, "சாமி பக்கத்துல கரிப் படமா?" என்று முணுமுணுத்தேன். ஆனால் சுண்டலுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சரஸ்வதி பூஜையன்று பார்க்கிறேன், புத்தகங்களுக்கு நடுவே அவளுடைய தூரிகைகளையும் கேமராவையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தார்!

அன்று மாலை மகள் அழைத்து அந்தப் பெண்ணும் குழந்தையோடு வந்தாள். தன் படத்தைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள். அப்புறம் படிகளைப் பார்த்தவள், தன் பொம்மைகளை ஒவ்வொன்றாக விரல் நீட்டிச் சொன்னாள். எனக்கே மறந்துபோனவை அவை. "அக்கா, இந்த ராமர் தோள்ல ஒட்டு விட்டிருக்கு. எடுத்து வைக்கும்போது தனியா வைங்க, சரி பண்ணித் தாரேன்" என்றாள். வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி கொடுத்து அனுப்பினேன்.

இந்த வருஷம் மகளோடு நானும் விளாச்சேரிக்குப் போனேன். உள்ளே உட்கார்த்தி வைத்து டீ கொடுத்தாள். கல்யாண செட்டுக்கு விலை சொன்னாள். பழக்கதோஷம், "பார்த்துச் சொல்லும்மா..." என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. மகள் பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள் பாருங்கள்!

- ஒரு வாசகி, மதுரை.