வேறு துறைப் பட்டமும் கணினியியல் முதுகலையும்

“அண்ணே, நான் உயிரியல் படிச்சவன். கணினியில மாஸ்டர்ஸ் செய்ய முடியுமா?” பட்டப்படிப்பை முடிக்கவிருக்கும் நம் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முடியும் என்பதே பதில். ஆனால், எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதை அறிந்து தட்ட வேண்டும். முதல் பட்டத்திற்கு வாங்கிய கடனே தீராத நிலையில், பொருந்தாத படிப்பில் சேர்ந்து ஓராண்டை இழப்பதை நம்மில் பலரால் தாங்க இயலாது.

கணினியியல் முதுகலை இரு வகைப்படும். முதல் வகை கணினிப் பட்டதாரிகளுக்கானது. தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், இயங்குதளம் எல்லாம் தெரியும் என்று கருதியே முதல் வகுப்பு தொடங்கும். இரண்டாம் வகை பிற துறையினருக்கென்றே அமைந்தது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் எம்.எஸ்சி. கம்ப்யூட்டிங், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மாஸ்டர் ஆஃப் கம்ப்யூட்டிங் பொதுப் பிரிவு, அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் எம்.சி.ஐ.டி. ஆகியவை இவ்வகை. எம்.சி.ஐ.டி.யை 2019 முதல் இணையம் வழியாகவும் படிக்கலாம்.

மலேசியாவில் எம்.கியூ.ஏ. வகுத்த தரவிதிப்படி, கணினிப் பட்டமோ அத்துறையில் பணி அனுபவமோ இல்லாதவர்கள் முன்தேவைப் பாடங்களைப் படித்தாக வேண்டும். ஆகவே அவை எத்தனை, எத்தனை பருவம் பிடிக்கும், கட்டணம் தனியா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுத் தெளியுங்கள்.

தேர்வுக்குழு முதலில் தேடுவது கணிதத்தை. பொறியியல், இயற்பியல், பொருளியல் படித்தவர்கள் தாங்கள் பயின்ற நுண்கணிதம், புள்ளியியல் ஆகியவற்றைப் பெயரிட்டு எழுத வேண்டும். தமிழ், சட்டம், வரலாறு படிப்பவர்களின் மதிப்பெண் பட்டியலில் அவை இருக்காது. அவர்கள் இன்னும் முதலாம், இரண்டாம் ஆண்டில் இருந்தால், நிரலாக்கத்தையும் கணிதத்தையும் விருப்பப் பாடமாக இப்போதே எடுத்துவிடுவது நல்லது. ஹார்வர்டின் சி.எஸ்.50 போன்ற இலவசப் பாடங்கள் இத்துறை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க உதவும். ஆயினும் குறுகியகாலப் பயிற்சிச் சான்றிதழைவிடத் தேர்வெழுதிப் பெற்ற மதிப்பெண்ணுக்கே எடை அதிகம்.

அடுத்தது நோக்க அறிக்கை. “சிறு வயது முதலே கணினி மீது ஆர்வம்” என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உங்கள் துறையில் கணினியால் மட்டுமே தீரக்கூடிய ஒரு சிக்கலை எழுதுங்கள். உயிரியல் மாணவர் மரபணு வரிசைகளை ஒப்பிடுவதைப் பற்றி எழுதலாம். தமிழ் மாணவர், புணர்ந்து நிற்கும் சொற்களைக் கணினி எவ்வாறு பிரித்தறியும் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைப் புணர்ச்சி விதி தெரிந்தவரால்தான் சரியாகக் கேட்க முடியும்.

ராஜ் ரெட்டி 1958இல் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பெற்றது சிவில் பொறியியல் பட்டம். 1966இல் ஸ்டான்ஃபோர்டில் கணினியியல் முனைவரானார். மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆய்வில் முன்னோடியான அவர், 1994ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை எட்வர்ட் ஃபைகன்பாமுடன் பகிர்ந்துகொண்டார்.

தயங்கி நிற்கும் தம்பி தங்கைகளே, படித்த துறையை மறைக்க வேண்டாம். அதைக் கையில் ஏந்தியே விண்ணப்பியுங்கள். குறைவாக உள்ள கணிதத்தை மட்டும் இன்றே தொடங்குங்கள்.