எந்த ஊர் மணி?

என் அக்கா கும்பகோணத்தில் பாட்டு டீச்சர். கொரோனா காலத்தில் செல்போன் வழியாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்திரேலியப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வகுப்பு வைத்திருக்கிறார். சிட்னியில் அண்ணனும் தங்கையும், அடிலெய்டில் ஒரு பெண், பிரிஸ்பேனில் ஒரு பெண், பெர்த்தில் ஒரு பையன். வகுப்பு நம் நேரப்படி காலை 11.30 மணிக்கு.

வகுப்பு தொடங்கிய முதல் வருடம், அக்டோபர் முதல் ஞாயிறு. அக்கா சமையலறையில் இருந்தபோது 10.40க்கு போன் வந்தது. "டீச்சர், பிள்ளைங்க பத்து நிமிஷமா உக்காந்திருக்காங்க. நீங்க வரலையே?" என்று சிட்னி அம்மா கேட்டார். அந்த போனை வைப்பதற்குள் அடிலெய்டிலிருந்தும் அதே கேள்வி. அக்கா அவசரமாகச் சுருதிப்பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று பேருக்கு வரிசை சொல்லி முடித்தபோது, சரியாக 11.30க்கு பிரிஸ்பேன் பெண்ணும் பெர்த் பையனும் வந்து நின்றார்கள். அவர்களுக்காக எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பாடினார்.

"ஒரே நாடுதானேடா? சில பேருக்கு மட்டும் எப்படி மணி மாறும்?" என்று அன்று மாலை என்னிடம் கேட்டார். எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். தேடிப் படிக்கப் படிக்க, அந்த ஒரு கேள்விக்குள் ஒரு நாட்டின் ரயில், தந்தி, சுரங்கம், வெயில், வாக்குச்சீட்டு எல்லாமே இருந்தன.

முதலில் கணக்கு. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, அதாவது அங்கே குளிர் உள்ள மாதங்களில், ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் சட்டப்படி மூன்று நேரங்கள். நம் மணியோடு பெர்த்துக்கு இரண்டரை மணி கூட்ட வேண்டும். அடிலெய்டுக்கும் டார்வினுக்கும் நான்கு. பிரிஸ்பேன், சிட்னி, மெல்போர்ன் மூன்றுக்கும் நாலரை. இலங்கையும் 2006 முதல் நம் மணியையே வைத்திருப்பதால் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கும் இதே எண்கள்தான்.

அக்டோபர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு இது கலைகிறது. சிட்னி, மெல்போர்ன், கான்பெரா, ஹோபார்ட், அடிலெய்டு நகரங்களின் கடிகாரங்கள் இரண்டிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவுகின்றன. இது கோடை நேரம். ஏப்ரல் முதல் ஞாயிறு வரை நீடிக்கும். பிரிஸ்பேன் உள்ள குவீன்ஸ்லாந்தும் பெர்த் உள்ள மேற்கு ஆஸ்திரேலியாவும் டார்வின் உள்ள வடக்கு ஆட்சிப்பகுதியும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. ஆக மூன்று நேரம் ஐந்தாகிவிடுகிறது: பெர்த்துக்கு இரண்டரை, டார்வினுக்கு நான்கு, பிரிஸ்பேனுக்கு நாலரை, அடிலெய்டுக்கு ஐந்து, சிட்னிக்கு ஐந்தரை.

இந்த வரிசையைச் சற்று நின்று பாருங்கள். பிரிஸ்பேன் நாட்டின் கிழக்கு விளிம்பு. அடிலெய்டு அதற்கு 14 பாகை மேற்கே. சூரியன் முதலில் எழுவது பிரிஸ்பேனில். ஆனால் கோடையில் அடிலெய்டு கடிகாரம் பிரிஸ்பேனைவிட அரை மணி முன்னால் ஓடுகிறது. கிழக்கே போனால் மணி கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த விதியை நம்பிக் கணக்குப் போட்டால் இங்கே தவறும்.

கிரிக்கெட் பார்ப்பவர்கள் இதைத் தெரியாமலேயே அனுபவித்திருப்பார்கள். 2024 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்டுக்கு நாம் காலை 5.50க்கு டிவி முன் உட்கார்ந்தோம். அஸ்வின் ஓய்வை அறிவித்தாரே, அந்த டெஸ்ட். அடுத்த மெல்போர்ன் டெஸ்டுக்கு 5 மணிக்கே எழ வேண்டியிருந்தது. மைதானத்துக் கடிகாரங்களின்படி பிரிஸ்பேனில் 10.20, மெல்போர்னில் 10.30. அங்கே மெல்போர்ன் ஆட்டம் பத்து நிமிடம் தாமதம். நமக்கு ஐம்பது நிமிடம் முன்கூட்டி. நடுவில் நின்ற ஒரு மணி நேரம் குவீன்ஸ்லாந்து ஏற்க மறுத்த கோடை நேரம்.

மணி ஒன்றாக இருந்தால் என்ன என்று அக்கா கேட்டார். ஆஸ்திரேலியாவில் நேரத்தைத் தீர்மானிப்பது மாநிலங்களின் உரிமை. நாடு பிறப்பதற்கு முன்பே, தனித்தனிக் குடியேற்றங்களாக இருந்த காலத்தில், 1895இல் நேர மண்டலங்கள் வந்துவிட்டன. கிரீன்விச்சைவிடக் கிழக்கே பத்து மணி, நடுவே ஒன்பது, மேற்கே எட்டு. ஒரு மணி இடைவெளியில் அமைந்த அழகான ஏற்பாடு. ஐந்து வருடம்கூடத் தாங்கவில்லை. மெல்போர்ன் சந்தை திறந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் தங்கள் கடைகள் திறக்கின்றன, செய்தி கைக்கு வரும்போது விலை நகர்ந்துவிடுகிறது என்று அடிலெய்டு வணிகர்கள் குறைப்பட்டார்கள். 1899 மே 1 முதல் தெற்கு ஆஸ்திரேலியா அரை மணி முன்னால் நகர்ந்து ஒன்பதரை ஆனது.

ஒன்பதரை மணிக்கு உரிய தீர்க்கரேகை 142.5 பாகை. அந்தக் கோடு தெற்கு ஆஸ்திரேலியாவில் எங்குமே ஓடவில்லை. எல்லை தாண்டி விக்டோரியாவுக்குள் ஓடுகிறது. ஒரு மாநிலம் தன் மண்ணில் இல்லாத கோட்டைத் தன் மணியாக இன்றுவரை வைத்திருக்கிறது. அப்போது டார்வின் உள்ளிட்ட வடக்குப் பகுதியும் அடிலெய்டின் ஆட்சியில்தான் இருந்தது. 1911இல் ஆட்சி பிரிந்தது. அரை மணி அங்கேயே தங்கிவிட்டது.

புரோக்கன் ஹில் கதை இன்னும் எனக்குப் பிடிக்கும். வெள்ளியும் ஈயமும் வெட்டிய சுரங்க ஊர். சேர்ந்திருப்பது சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸில். ஆனால் 1880களின் இறுதியில் அந்த ஊருக்கு வந்த தண்டவாளம் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தாது போனது அங்குள்ள போர்ட் பிரி துறைமுகத்துக்கு. சிட்னி ரயில் வந்து சேர 1927 ஆகிவிட்டது. அதற்குள் ஊர் அடிலெய்டு மணிக்குப் பழகிவிட்டது. இன்றும் அங்கே அடிலெய்டு மணிதான். ஆக "நியூ சவுத் வேல்ஸ் நேரம்" என்று சொன்னால்கூட அது முழுமையான பதில் அல்ல. ஊரைச் சொல்ல வேண்டும்.

கோடை நேரத்தின் கதைக்கு டாஸ்மேனியா தீவுக்குப் போக வேண்டும். உலகப் போர்க் காலங்களில் நாடு முழுக்க இது இருந்தது, பிறகு கைவிட்டார்கள். 1967இல் டாஸ்மேனியாவில் வறட்சி. மின்சாரம் அணை நீரை நம்பியிருந்த தீவு அது. மாலை வெளிச்சத்தை ஒரு மணி நீட்டினால் விளக்கெரியும் நேரம் குறையும் என்று கடிகாரத்தை நகர்த்தினார்கள். 1971இல் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்து எல்லாம் சேர்ந்துகொண்டன. குவீன்ஸ்லாந்து ஒரே கோடையோடு விலகியது. 1989இலிருந்து மூன்று வருடம் மறுபடி சோதனை செய்து, 1992 பிப்ரவரியில் மக்களிடமே கேட்டது. 54.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிரிஸ்பேன் இருக்கும் தென்கிழக்கு மூலை வேண்டும் என்றது. வெயில் காயும் வடக்கும் மேற்கும் மறுத்தன.

அந்த மறுப்பை அறியாமை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹோபார்ட்டில் கோடைப் பகல் 15 மணி நேரத்துக்கு மேல், குளிர்காலத்தில் ஒன்பதுதான். அங்கே சேமிக்க வெளிச்சம் இருக்கிறது. குவீன்ஸ்லாந்தின் வடக்கே உள்ள கெய்ன்ஸில் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டுவதுதான். கிட்டத்தட்ட நம் சென்னை மாதிரி. சித்திரை வெயிலில் பொழுது எப்போது சாயும் என்று காத்திருக்கும் நமக்கு, சாயங்காலத்தை இன்னும் ஒரு மணி நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? அவர்களுக்கும் அப்படித்தான். பிரிஸ்பேன்காரர்களின் குறையும் நியாயமானதே. டிசம்பரில் அங்கே 5 மணிக்கு முன்பே விடிந்து, வேலை முடிந்து வீடு திரும்பிச் சற்று நேரத்தில் இருட்டிவிடுகிறது. ஒரே மாநிலத்துக்குள் இரண்டு விதமான சூரியன்; கடிகாரம் ஒன்று.

எல்லைக் கோட்டில் வாழ்கிறவர்கள் இதை ஒவ்வொரு நாளும் சுமக்கிறார்கள். குவீன்ஸ்லாந்தின் கூலங்காட்டாவும் நியூ சவுத் வேல்ஸின் ட்வீட் ஹெட்ஸும் ஒட்டிய ஊர்கள். நடுவே ஒரு தெருதான் எல்லை. கோடையில் தெருவைக் கடந்தால் ஒரு மணி நேரம் கூடும் அல்லது குறையும். வீடு ஒரு பக்கம், வேலை மறுபக்கம் என்று இருப்பவர்கள் ஆறு மாதம் இரண்டு மணியையும் நினைவில் வைத்துத்தான் நாளை ஓட்டுகிறார்கள். பக்கத்திலுள்ள கோல்டு கோஸ்ட் விமான நிலையத்தின் ஓடுபாதையே எல்லையைத் தாண்டி நீள்கிறது. குழப்பம் வேண்டாமென்று நிலையம் முழுக்கக் குவீன்ஸ்லாந்து மணியில் இயங்குகிறது. புத்தாண்டு இரவில் ட்வீட் ஹெட்ஸில் ஒருமுறை கொண்டாடிவிட்டுத் தெருவைக் கடந்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கொண்டாடுகிறவர்கள் உண்டு.

மேற்கு ஆஸ்திரேலியா 1975, 1984, 1992, 2009 என்று நான்கு முறை வாக்கெடுத்து நான்கு முறையும் கோடை நேரத்தை நிராகரித்தது. அதன் தென்கிழக்கு மூலையில் யூக்லா என்ற சின்னஞ்சிறு ஊர். பெர்த் எட்டு, அடிலெய்டு ஒன்பதரை என்று இருக்க, யூக்லாவும் நெடுஞ்சாலையில் அதை ஒட்டிய சில நிறுத்தங்களும் சரியாக நடுவே எட்டே முக்கால் வைத்துக்கொண்டன. சட்டத்தில் இந்த முக்கால் மணி இல்லை. சாலையோரப் பலகையில் இருக்கிறது. பயணிகள் கடிகாரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். கிழக்கே கடலில் லார்டு ஹவ் தீவு கோடையில் ஒரு மணிக்குப் பதிலாக அரை மணி மட்டும் நகர்கிறது.

இவ்வளவையும் செல்போன் எப்படிச் சரியாகச் சொல்கிறது? உலகின் நேர விதிகளையெல்லாம் தொகுத்த ஒரு தரவுத்தளத்தை அது நம்பியிருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கியது, பால் எக்கர்ட் பல வருடங்களாகப் பராமரித்து வருவது. அதில் பதிவுகள் ஊர்ப் பெயரில்தான் இருக்கும். பிரிஸ்பேனுக்கு ஒன்று, புரோக்கன் ஹில்லுக்கு ஒன்று, யூக்லாவுக்கும் ஒன்று. அந்த ஊரில் எந்த வருடம் எந்த விதி இருந்தது என்ற வரலாறும் கூடவே. வேறுபாடு இத்தனை மணி என்ற ஒற்றை எண்ணை நம்பாமல், ஊரையும் தேதியையும் சேர்த்துக் கேட்கும் ஏற்பாடு இது. நாமும் செய்ய வேண்டியது அதுதான். "கிழக்கு நேரம்" என்று எழுதுவதில்தான் தவறு தொடங்குகிறது. கோடையில் கிழக்கில் இரண்டு நேரம்.

அக்கா இப்போது 11.30ஐ மாற்றுவதில்லை. ஒவ்வொரு அக்டோபர், ஏப்ரல் முதல் வாரத்துக்கு முன்பும் பெற்றோர்களுக்கு ஒரு செய்தி போகிறது. அக்டோபரில்: "பெர்த் 2.00, பிரிஸ்பேன் 4.00, அடிலெய்டு 4.30, சிட்னி 5.00." ஏப்ரலில்: "பெர்த் 2.00, அடிலெய்டு 3.30, பிரிஸ்பேன் 4.00, சிட்னி 4.00." அதன்பின் யாரும் காத்திருக்க நேரவில்லை.

தை மாதத்தில் கல்யாணம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. முகூர்த்தம் காலை 6 மணி என்றால் அது பெர்த்தில் 8.30, பிரிஸ்பேனில் 10.30, அடிலெய்டில் 11, சிட்னியிலும் மெல்போர்னிலும் 11.30. அதே முகூர்த்தம் ஆவணியில் என்றால் அடிலெய்டில் 10, சிட்னியில் 10.30. நேரலையில் தாலி கட்டுவதைப் பார்க்கத் தவம் கிடக்கும் சித்திக்கும் மாமாவுக்கும் அழைப்பிதழ் அனுப்பும்போது அவரவர் ஊர்ப் பெயரோடு அந்த ஊர் மணியையும் எழுதி அனுப்புங்கள். அங்கிருந்து யாராவது "மூணு மணிக்குக் கூப்பிடறேன்" என்றால், எந்த ஊர் மணி, எந்தத் தேதி என்று கேட்டுக்கொண்ட பிறகு போனை வையுங்கள்.